நிழல் வீட்டில் பேசும் குழந்தை

ஆகஸ்ட் 9, 2047, வெள்ளி

இன்றைய தவறு: கை கழுவப் போகும்போது டேப்லெட்டை மூடாமல் பாயில் வைத்துவிட்டேன்.

வேலைக்குப் பின் படிக்கப் போகும் மாலை வகுப்பில் இஸ்மாயில் சார் சொன்ன முறைப்படிதான் எழுதுகிறேன். நாட்குறிப்பின் முதல் வரி அன்று செய்த தவறு. கடைசி வரி மறுநாள் செய்ய வேண்டிய வேலை. நடுவில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். அவர் படிக்க மாட்டார், தேதியை மட்டும் பார்ப்பார். எனக்குத் தவறுக்குப் பஞ்சமில்லை. எதை முதலில் எழுதுவது என்பதுதான் தினமும் சிக்கல். இன்று அந்தச் சிக்கல் இல்லை.

என் வேலை வீட்டு வருகை. கடல் உள்ளே வந்து வீடு இழந்தவர்களுக்காகக் கட்டிய வடகரை அடுக்ககத்தின் ஒரு பிளாக்கில், கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு வாரம் ஒருமுறை போவேன். குழந்தையோடு எப்படிப் பேசுவது, எதை வைத்து விளையாடுவது என்று தாய்க்குச் சொல்லிக் கொடுப்பேன். தாய் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, அழுகிறாளா என்று கேட்பேன். குழந்தையைத் தூக்கும் முன் கை கழுவ வேண்டும், அது விதி. கை கழுவப் போகும்போது டேப்பை மூட வேண்டும், அதுவும் விதி. நான் ஒன்றைத்தான் செய்தேன்.

பதினான்காம் மாடி, பவளா அக்கா வீடு. ஈரக் கையோடு திரும்பி வந்தபோது அவர் டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மாதக் குழந்தை மகிழ் பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா டீச்சர் இது? ஒரு கோடு மேல போது, ஒண்ணு கீழ கெடக்குது. எது எம்புள்ள?”

நான் டீச்சர் இல்லை. அவர் கேலியாக வைத்த பெயர் அது. பொய் சொல்லியிருக்கலாம், வரவில்லை.

“கெட்டியா இருக்கற கோடு மகிழ்.”

“கீழ கெடக்கறதா? அப்ப மேல போறது யாரு வூட்டுப் புள்ள?”

“அதுவும் மகிழ்தான்க்கா.”

அவர் என்னையே பார்த்தார். இனி மறைத்துப் பயனில்லை என்று விளக்கினேன். “நாங்க இந்த வீட்டுக்கு வராமலே இருந்திருந்தா மகிழ் இப்ப எப்படி இருந்திருப்பான்னு கம்ப்யூட்டர் ஒரு கணக்குப் போடும். உங்க குடும்பம், உங்க பழக்கம், உங்களை மாதிரி ஆயிரக்கணக்கான குடும்பம், எல்லாத்தையும் வச்சுத் தினமும் அந்த வீட்டை நடத்திப் பாக்கும். அதுக்குப் பேரு நிழல் வீடு. அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எங்க வருகையோட பலன்.”

“அதாவது, நீ வராத வூட்ல எம்புள்ள பேசுது. நீ வர்ற வூட்ல பேசல.”

நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

“அங்க இன்னா பேசுது?”

“என்ன சொல்லுன்னு தெரியாதுக்கா. மூணு சொல்லுன்னு மட்டும்தான் போட்டிருக்கு.”

“மூணா?” என்று மகிழைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். “கேட்டியாடி? மூணாம்.” மகிழ் திரும்பவில்லை.

நாளை: மேற்பார்வையாளர் ஹேமலதா மேடத்திடம் தவறைச் சொல்வது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இன்றைய தவறு: சனிக்கிழமை சொல்ல வேண்டியதை இன்றுதான் சொன்னேன்.

ஹேமலதா மேடம் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “தமயந்தி, எல்லா பிளாக்கும் சேந்து நமக்கு நூறு வீடு. தொண்ணூத்திரெண்டுல நம்ம குழந்தை நிழலை விட நல்லா இருக்கு. எட்டு வீடு தலைகீழ், உன் பிளாக்ல ஒண்ணு. எட்டுக்காகத் தொண்ணூத்திரெண்டை விட்டுடலாமா?”

“அப்படிச் சொல்லல மேடம். அந்த எட்டு ஏன் தலைகீழாச்சுன்னுதான்...”

“சராசரின்னா அப்படித்தான் இருக்கும். நீ பாடத்தை ஒழுங்கா எடு. குறை உங்கிட்ட இருக்குமான்னு முதல்ல யோசி.”

அதை நான் ஏற்கெனவே யோசித்துவிட்டேன். நான் யோசிக்கும் முதல் விஷயமே அதுதான். ஆனால் ஆறாம் மாடியில் ஒரு குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று கண்டுபிடித்ததும் நான்தான். மூன்றாம் மாடியில் குழந்தையைத் தொடவே பயந்த பெண் இன்று தாலாட்டுப் பாடுகிறாள். வருகை வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதே வருகை பதினான்காம் மாடியில் மட்டும் ஏன் கெடுதல் செய்கிறது?

மாலை வகுப்பில் ஊரும் பெயரும் சொல்லாமல் கேட்டேன். இஸ்மாயில் சார் வருகைப் பதிவை எடுத்துக்கொண்டே, “அந்த வீட்டுக்கு நீங்க கொடுத்த மருந்து என்ன?” என்றார்.

“வருகை சார்.”

“வருகை மட்டுமா? நீங்க வர்றதுக்காக அந்தம்மா எதையெல்லாம் செய்யணும், எதையெல்லாம் விடணும்? அதுவும் மருந்துதான். அடுத்து, மாணிக்கவாசகம் வந்தாச்சா?”

மாணிக்கவாசகம் வரவில்லை. வகுப்பு வேறு பக்கம் போய்விட்டது.

எதையெல்லாம் விடணும்? வீட்டுக்கு வந்துதான் நினைவு வந்தது. நிலைத்திருத்தல் விதி. குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை தாயும் குழந்தையும் பதிவான முகவரியிலேயே குடியிருக்க வேண்டும். இடம் மாறினால் ஒப்பீடு கெட்டுவிடும் என்பதால் வைத்த விதி. அடுக்ககத்தில் வீடு ஒதுக்கியதே இந்த ஒப்புதலின் பேரில்தான். மீறினால் ஒதுக்கீடு ரத்து. கையெழுத்து வாங்கும்போது ஒவ்வொரு தாய்க்கும் உரக்கப் படித்துக் காட்டியவள் நான்.

நாளை: ஏழாம் மாடி, இரட்டைக் குழந்தைகள், தூக்கப் பாடம்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

இன்றைய தவறு: பவளா அக்கா கேட்டதும் டேப்பைக் காட்டினேன். இன்று மறதி இல்லை, தெரிந்தே காட்டினேன்.

“அங்க இப்ப நாலு சொல்லா? நேத்தா சொல்லுச்சி? இன்னொன்னு இன்னா போட்டிருக்கு? இருப்பிடம்னு?”

எனக்கும் அந்த வரி புதிது. இத்தனை நாளும் நான் கோடுகளை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

“உறவினர் வீடு” என்று படித்தேன்.

பவளா அக்கா சிரித்தார். இந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. “போய்ட்டா பாத்தியா, அந்த வூட்டுப் பவளா! கில்லாடி. எங்கக்கா வூட்டுக்குப் போய்ட்டா.”

பிறகு சொன்னார். அவருக்கு அம்மா இல்லை. பழவேற்காட்டில் அக்கா முத்தழகி. தலைப்பிரசவத்துக்கு அங்கே போவதாகப் பையெல்லாம் கட்டி வைத்திருந்தார். அந்த வாரம்தான் நான் ஒப்புதல் காகிதத்தோடு போயிருக்கிறேன்.

“அம்மா இல்லாதவளுக்கு அக்கா வூடுதான் தாய்வூடு. அங்க மூணு பசங்க, நாத்தனாரு, கொழுந்தன், வலை பின்ற ஆளுங்க. காலைல கண்ண முழிச்சா ஒருத்தன் கத்துவான், ஒருத்தி அழுவா. இங்க இன்னா கீது? அது காலைல துறைமுகத்துக்குப் போச்சுன்னா ரெண்டு ஷிப்டு. அது வர்றவரைக்கும் இந்தச் செவுரும் நானும். எம்புள்ள எதுக்குத் திரும்பிப் பாக்குது தெரியுமா? லிப்டு சத்தத்துக்கு.”

‘அது’ என்பது அவர் கணவர் கலைமணி அண்ணன்.

“நான் சொல்லிக் கொடுத்த மாதிரி நீங்க அவகிட்ட பேசிக்கிட்டே இருக்கணும்க்கா.”

“பேசுனேன் டீச்சர். ஒரு நாள் பூரா பேசுனேன். இது இட்லி, இது தட்டு, இது சன்னலுன்னு. அப்புறம் பைத்தியம் மாதிரி தனியா பேசிக்கினு கீறேனோன்னு பயம் வந்துடுச்சி. பேச்சுன்னா பதிலுக்கு ஒருத்தராவது திட்டணும் இல்ல?”

அந்தச் சமயம் வெளியே லிப்ட் வந்து நின்றது. மகிழ் சட்டென்று கதவைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. மறுபடி சுவரைப் பார்த்தாள்.

“வருகை நடந்துச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?” என்று டேப்பைக் காட்டிக் கேட்டார்.

“உங்க போனும் இந்த டேப்பும் ஒரே அறையில நாப்பது நிமிஷம் இருக்கணும். நான் பாடம் எடுக்கறேனான்னு என் குரலைக் கேக்கும்.”

“எங் குரலு?”

“வீட்டுக்காரங்க குரலை அழிச்சிடும்க்கா. உங்க அந்தரங்கம் வெளிய போகக்கூடாதுன்னு.”

“நல்ல மரியாத. புள்ளைய எங்க பாப்பாங்க?”

“மாசம் ஒருதடவை வார்டு மையத்துல. எடை, பேச்சு, நடை எல்லாம் அங்கதான்.”

அவர் எழுந்து போய், தூளியில் மெத்தைத் துணியைச் சரிசெய்து, தன் போனை அதில் போட்டார். தூளி கொஞ்சம் ஆடியது.

“போனு இங்க கீது. அப்ப நானும் இங்க கீறேன். அக்கா வூட்லேர்ந்து மாசத்துக்கு ஒரு நாளு பஸ்ஸு ஏறி வந்துட்டுப் போறேன். நீ வெள்ளிக்கெழம வந்து உன் பாடத்தப் பேசிட்டுப் போ.”

நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நாளை: மாதாந்திர அறிக்கை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

இன்றைய தவறு: போனேன்.

கலைமணி அண்ணன் வேலைக்குக் கிளம்பி வாசலில் நின்றிருந்தார். நீல வில்லை போட்ட சாவியை என் கையில் கொடுத்து, “போன்ல சார்ஜ் போட்டு வச்சிருக்கேன் தங்கச்சி” என்றார்.

உள்ளே போய் முதலில் கை கழுவினேன். தூக்குவதற்குக் குழந்தை இல்லை என்பது கழுவி முடித்த பிறகுதான் உறைத்தது. பாயில் உட்கார்ந்து, தூளியைப் பார்த்துப் பாடத்தை ஆரம்பித்தேன். “இன்னைக்கு நாம பொருளை ஒளிச்சு வச்சுக் கண்டுபிடிக்கிற விளையாட்டு.” என் குரல் சுவரில் பட்டு என்னிடமே வந்தது. நாற்பது நிமிடம் இவ்வளவு நீளம் என்று இதுவரை எனக்குத் தெரியாது.

நாளை: ஒன்றாம் மாடி, புதுக் குடித்தனம், முதல் வருகை. ஒப்புதல் காகிதம் எடுத்துப் போக வேண்டும்.

அக்டோபர் 4, வெள்ளி

இன்றைய தவறு: பாடம் சீக்கிரம் முடிந்துவிட்டதால், மீதி நேரத்துக்குத் தூளியில் கிடந்த போனிடம் என் பருவத் தேர்வைப் பற்றிப் பேசினேன்.

போன வாரமும் இதையே செய்தேன். அதற்கு முந்திய வாரம் என் தம்பி வேலையை விட்டதைச் சொன்னேன். பதினான்காம் மாடிச் சன்னலில் தெரிவது எதிர்க் கட்டடத்தின் சன்னல்கள் மட்டும். அவற்றில் யாரும் நிற்பதில்லை. இன்று நடுவில் லிப்ட் வந்து நின்றது. நான் சட்டென்று கதவைப் பார்த்தேன். யாரும் வரவில்லை. மகிழ் பார்த்தது போலவே பார்த்திருக்கிறேன் என்று தெரிந்ததும் பேச்சு நின்றுவிட்டது. ‘தொடர்ந்து பேசவும்’ என்று டேப் காட்டியது. பேசினேன்.

புதன்கிழமை வார்டு மையத்தில் மகிழைப் பார்த்தேன். கன்னம் கறுத்து, முழங்காலில் சிராய்ப்போடு இருந்தாள். என் கண்ணாடியைப் பிடித்து இழுத்து, “தா” என்றாள். நான் கழற்றிக் கொடுக்கப் போனேன்.

“குடுத்துடாத டீச்சர்!” என்று பவளா அக்கா என் கையைப் பிடித்தார். “கேக்கட்டும். இன்னொரு வாட்டி கேக்கட்டும்.”

மகிழ் எட்டு வாட்டி கேட்டாள். பரிசோதனை செய்த மையப் பணியாளர் பேச்சுக்கு முழு மதிப்பெண் போட்டார். அந்தக் கெட்டிக் கோடு மேலே ஏற ஆரம்பித்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தக் கோட்டின் பக்கத்தில் வருகையாளர் என்று என் பெயர் இருப்பதை அப்போது யோசிக்கவில்லை.

நாளை: தேர்வுக்கு மூன்றாம் அத்தியாயம் மறுபடி படிப்பது.

நவம்பர் 28, வியாழன்

இன்றைய தவறு: நானும் கை தட்டினேன்.

எல்லாப் பிளாக் வருகையாளர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஹேமலதா மேடம் திரையில் ஒரு படம் காட்டினார். எல்லாப் பிளாக்கிலும் இருந்த தலைகீழ் வீடுகள், ஒன்றுகூட மிச்சமில்லாமல், நேராகிவிட்டன. நிஜக் குழந்தைகள் நிழலைத் தொட்டுவிட்டார்கள், சிலர் தாண்டியும் விட்டார்கள்.

“நம்ம மேல இருந்த ஒரே கேள்வி இதுதான்” என்றார் மேடம். அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. அவர் கெட்டவர் இல்லை. “தாய் பொறுமையா வீட்டுலயே இருந்தா, பலன் வந்தே தீரும்னு நிரூபிச்சிட்டோம். ஜனவரியில இருந்து இன்னும் அஞ்சு மாவட்டம். நிலைத்திருத்தல் ரெண்டு வருஷம் இல்ல, மூணு வருஷம்.”

எல்லோரும் கை தட்டினார்கள். என் கையும் தட்டியது.

“இன்னொரு விஷயம். புது மாவட்டத்து ஆட்களுக்குப் பயிற்சிக்குத் தமயந்தியோட பதிவுல பாடப் பகுதியைத் தேர்ந்தெடுத்திருக்கோம். பதினாலாம் மாடி. அவ பேசுற விதத்துல ஒரு நிதானம் இருக்கு. தாய்க்கு யோசிக்க நேரம் விட்டு, நிறுத்தி நிறுத்திப் பேசுறா.”

நான் நிறுத்தியது லிப்ட் சத்தத்துக்கு.

தேநீர் இடைவேளையில் சுவர் ஓரமாக நின்றேன். பக்கத்தில் சி பிளாக் சாந்தகுமாரி அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பவர் இன்று பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். அவர் கழுத்து அட்டைக்குப் பின்னால் ஒரு சாவி தொங்கியது. நீல வில்லை. அந்த வில்லை குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். வருகையாளர் யாரிடமும் இருக்கக் கூடாது.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். என் பையைத் திறந்து என் சாவியைக் காட்டினேன்.

“எந்த மாடிக்கா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“ஒம்பது. உனக்கு?”

“பதினாலு.”

“என்ன பேசுவே?”

“பாடம். முடிஞ்சா என் கதை.”

“நான் தூக்கம் வந்துடக் கூடாதேன்னு ஜெபப் பாட்டு பாடுவேன். நல்லவேளை, என் பதிவைப் பயிற்சிக்கு எடுக்கல. அஞ்சு மாவட்டமும் மனம் திரும்பியிருக்கும்.”

சிரிப்பு வந்தது, உடனே போய்விட்டது. “அப்ப மத்த வீடெல்லாம்?”

“எண்ணாதே” என்றார்.

எண்ணத் தேவையில்லை. எந்த வீட்டிலும் தாய் பொறுமையாக இருக்கவில்லை. போய்விட்டார்கள். போனதால்தான் குழந்தைகள் பேசுகின்றன. அந்தப் பேச்சைக் காட்டித்தான், யாரும் போகக் கூடாது என்று விதி எழுதப் போகிறார்கள்.

“சொல்லிடலாமாக்கா?”

“சொன்னா நம்ம வேலை போகும். அது போகட்டும். அந்த வீடுங்களும் போகும். என் ஒம்பதாம் மாடிக்காரிக்கு இதை விட்டா நடுத்தெரு. நான் வரல தமயந்தி.” பிஸ்கட்டை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “உன்னை வேண்டாம்னும் சொல்லல.”

வகுப்புக்குப் போகவில்லை. முத்தழகி அக்காவின் எண்ணுக்குக் கூப்பிட்டேன். பின்னால் ஒரே கூச்சல். பவளா அக்கா யாரையோ அதட்டிவிட்டுப் பேசினார். நடந்ததை வரிசையாகச் சொன்னேன்.

“நீ சொன்னா எங்க வூடு போயிடும்?”

“போகும்னுதான் நினைக்கிறேன்க்கா.”

“சொல்லாங்காட்டி?”

“ஜனவரியில இருந்து புதுசா கையெழுத்து வாங்குவாங்க. மூணு வருஷத்துக்கு.”

“அந்தப் பேப்பர யாரு படிச்சிக் காட்டுவாங்க?”

“என்னை மாதிரி ஆளுங்கதான். எங்க பிளாக்ல நான்.”

“எனக்கும் நீதான் படிச்சே. நல்லாப் படிச்சே டீச்சர். வூடு கெடச்சிடுச்சின்னு அன்னிக்கி அழுதேன் நானு.” பிறகு, “அதுகிட்ட ஒரு வார்த்த கேக்கணும். வைய்யி” என்றார்.

அவர் திரும்பக் கூப்பிடும்வரை நான் என்ன செய்தேன் என்று நினைவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று ஒரு மனது வேண்டிக்கொண்டது. அதையும் தவறுகளில் சேர்க்க வேண்டும்.

போன் அடித்தது.

“வா” என்றார். “டேப்ப எடுத்துக்கினு இங்க வா. உன் வெள்ளிக்கெழமப் பாடத்த இங்க நடத்து. இருப்பிடம் இன்னான்னு அதுவே பாத்து எழுதிக்கட்டும்.”

“அண்ணன் என்ன சொன்னாரு?”

“அது ஒண்ணும் சொல்லல. அழுதுச்சி. அப்புறம் எம்புள்ளையக் கூப்புடச் சொல்லி ‘அப்பா’ சொல்ல வச்சிக் கேட்டுச்சி. அப்புறம் சரின்னுச்சி.” மூக்கை உறிஞ்சும் சத்தம். “இதப் பாரு, வூடு போச்சுன்னா உன்னத் திட்டுவேன். வாய்க்கு வந்தபடி திட்டுவேன். எங்கக்காளும் சேந்து திட்டுவா.”

“திட்டுங்கக்கா.”

“மீன் தின்னுவல்ல?”

“தின்னுவேன்.”

எழுதிக்கொண்டே யோசிக்கிறேன். ஒரு வீட்டைச் சொன்னால் மற்ற வீடுகளையும் தேடிப் போவார்கள். சாந்தகுமாரி அக்காவின் ஒன்பதாம் மாடியும் அதில் இருக்கும். இது சரிதானா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லாமல் விடுவது சரியில்லை என்பது மட்டும் தெரிகிறது. இரண்டும் ஒன்றில்லை என்பதும் தெரிகிறது.

டேப் என் குரலை மட்டும்தான் வைத்துக்கொள்ளும். ஆகஸ்ட் முதல் நான் பேசியதெல்லாம் காலி வீட்டில் என்பதை நான்தான் அதனிடம் சொல்ல வேண்டும்.

நாளை: தூளியில் கிடக்கும் போனை எடுத்துக்கொண்டு, பதினான்காம் மாடிச் சாவியைக் கலைமணி அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் பழவேற்காடு பேருந்து பிடிப்பது. போனதும் கை கழுவுவது. டேப்பை மூடாமல் பாயில் வைப்பது.